நீல இன்ஹேலர் ஏன் முன்போல் பலன் தருவதில்லை? மூச்சுக்குழாய் உயிரணுக்களின் செய்திப் பரிமாற்றமும் ஆஸ்துமா சிகிச்சையும்

ஆஸ்துமா உள்ளவர்கள் பலர் மருத்துவரிடம் கூறும் குறை ஒன்று உண்டு. "முன்பெல்லாம் இரண்டு பஃப் எடுத்தால் போதும், இப்போது நான்கு எடுத்தாலும் நெஞ்சு தளர்வதில்லை" என்பதே அது. மருந்து காலாவதியாகி விட்டதோ, போலியோ என்று ஐயுற்று வேறு கடையில் புதிய இன்ஹேலர் வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலும் குறை மருந்தில் இருப்பதில்லை. மூச்சுக்குழாயின் உயிரணுக்களில் நிகழும் மாற்றத்தில் இருக்கிறது. அம்மாற்றத்தைப் புரிந்துகொண்டால், மருத்துவர் ஏன் தினமும் எடுக்கும் மற்றோர் இன்ஹேலரை வற்புறுத்துகிறார் என்பதும் விளங்கும்.

மூச்சுக்குழாய் எவ்வாறு விரிகிறது?

நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் உள்ளன. நாம் விரும்பியபடி இயக்க இயலாத தசைகள் இவை. ஆஸ்துமாவில் இத்தசைகள் இறுகுகின்றன. குழாயின் உட்சுவர் அழற்சியால் தடித்து, சளியும் மிகுதியாகச் சுரக்கிறது. இம்மூன்றும் சேர்ந்தே மூச்சிரைப்பை உண்டாக்குகின்றன.

தசை உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் வேதிச் செய்தியைப் பெற்று உள்ளே தெரிவிப்பது அவற்றின் பணி. அட்ரினலின் என்னும் இயக்குநீருக்கு உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று 1948-இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் கூறினார். அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா எனப் பெயரிட்டார். பின்னர் பீட்டா வகையிலும் உட்பிரிவுகள் உண்டு எனத் தெரிந்தது. மூச்சுக்குழாய்த் தசையில் மிகுந்திருப்பது பீட்டா-2 ஏற்பி. 1969-இல் பயன்பாட்டுக்கு வந்த சால்பியூட்டமால் இந்த ஏற்பியையே முதன்மையாகத் தூண்டுகிறது. உங்கள் வீட்டிலுள்ள நீல நிற இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் இதுவே.

மருந்து ஏற்பியில் பொருந்தியதும், உயிரணுவின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜி புரதம் விழித்துக்கொள்கிறது. அது சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறைப் பெருக்குகிறது. இந்த மூலக்கூறைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சைக்ளிக் ஏஎம்பி மிகுந்தால் தசையினுள் கால்சியத்தின் அளவு குறைந்து, தசை தளர்ந்து, குழாய் விரிகிறது. இவையனைத்தும் சில நிமிடங்களில் நடந்து முடிகின்றன.

ஏற்பியைத் தேடிய ஆய்வாளர்

இன்று இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிற செய்தி, 1970-களின் தொடக்கத்தில் உறுதியாகத் தெரிந்த ஒன்றாக இருக்கவில்லை. ஏற்பி என ஒரு பொருள் உண்மையிலேயே உண்டா என்று ஐயுற்ற அறிஞர்களும் இருந்தனர். இதய மருத்துவராகப் பயிற்சி பெற்ற ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், 1973-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கதிரியக்க அடையாளமிட்ட மூலக்கூறுகளின் துணையுடன் பீட்டா ஏற்பிகளைத் தேடிப் பிரித்தெடுக்கும் பணியில் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டார். 1986-இல் அவருடைய குழுவினர் பீட்டா-2 ஏற்பிக்கான மரபணுவைப் பிரித்தறிந்தனர். அதில் முக்கியப் பங்காற்றிய இளம் ஆய்வாளர் பிரையன் கோபில்கா.

அம்மரபணு ஒரு வியப்பை அளித்தது. கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சின் என்னும் புரதத்தை அந்த ஏற்பி ஒத்திருந்தது. இரண்டுமே உயிரணுச் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்பவை. ஒளியை உணர்வதும், அட்ரினலினை உணர்வதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களின் வேலை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மனித உடலில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் ஏறத்தாழ 800 உள்ளன. இன்று பயன்பாட்டிலுள்ள மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இவற்றின்மீதே செயல்படுகின்றன. ஏற்பியும் ஜி புரதமும் இணைந்திருக்கும் நிலையின் படிக அமைப்பைக் கோபில்காவின் குழு 2011-இல் வெளியிட்டது. மறு ஆண்டு இருவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி ஓய்ந்து போவது ஏன்?

நோயாளிகளுக்கு மிகவும் பயன்படும் கண்டுபிடிப்பு, பரிசு பெற்ற படிக அமைப்பைக் காட்டிலும் இப்பகுதியில்தான் உள்ளது எனலாம். ஓயாமல் தூண்டப்படும் ஏற்பியை உயிரணு தானே அடக்கி வைக்கிறது. முதலில் ஒரு கைனேஸ் நொதி ஏற்பியின் உட்பகுதியில் பாஸ்பேட்டை இணைக்கிறது. அந்த அடையாளத்தைக் கண்டு பீட்டா-அரெஸ்டின் என்னும் புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, ஜி புரதத்தை அணுகவிடாமல் தடுக்கிறது. பின்னர் ஏற்பி மேற்பரப்பிலிருந்து உயிரணுவின் உள்ளே இழுக்கப்படுகிறது. ஓய்வு கிடைத்தால் அது மீண்டும் மேலே வரும். தூண்டுதல் நாட்கணக்கில் நீடித்தால் ஏற்பிகள் சிதைக்கப்பட்டு, அவற்றின் எண்ணிக்கையே குறைந்துவிடும். பீட்டா-அரெஸ்டினைப் பற்றி லெஃப்கோவிட்ஸின் ஆய்வுக்கூடம் 1990-இல் அறிவித்தது.

எனவே நீல இன்ஹேலரை மட்டும் நாள்தோறும் பலமுறை பயன்படுத்தும்போது, மருந்துக்குப் பதிலளிக்கும் ஏற்பிகள் குறைகின்றன. தூசு, புகை, குளிர்காற்று ஆகியவற்றுக்கு மூச்சுக்குழாய் மேலும் எளிதில் இறுகும் தன்மையைப் பெறுகிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: இம்மருந்து தசையைத் தளர்த்துமே தவிர, அழற்சியைத் தொடுவதில்லை. மூச்சு சீராகிவிட்டது போன்ற நிம்மதியின் அடியில் வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும். பலன் குறைவதற்கு முதன்மைக் காரணம் பெரும்பாலும் இதுவே. இன்ஹேலரைத் தவறான முறையில் இழுப்பதும் மற்றொரு காரணம். அடுத்த முறை செல்லும்போது மருத்துவர் அல்லது செவிலியர் முன்னிலையில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.

இந்த ஆபத்து வெறும் கோட்பாடு அன்று. 1960-களில் இங்கிலாந்தில் ஐசோபிரினலின் என்னும் பழைய மருந்தின் இன்ஹேலர்கள் பரவலானபோது ஆஸ்துமா இறப்புகள் உயர்ந்தன. மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மருந்துச் சீட்டின்றி விற்பது நிறுத்தப்பட்டபின் அவை குறைந்தன. மருந்து நேரடியாகத் தீங்கு செய்ததா, அது தந்த தற்காலிக நிம்மதியால் நோயாளிகள் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தனரா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

ஸ்டீராய்டு இன்ஹேலர் என்ன செய்கிறது?

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுபவர்கள் பலர். இன்ஹேலரில் உள்ள அளவு மைக்ரோகிராம் கணக்கிலானது. அது நேரடியாக மூச்சுக்குழாய்க்குச் செல்கிறது. உயிரணுவின் உட்கருவை அடைந்து அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. அத்துடன் பீட்டா-2 ஏற்பிகள் புதிதாக உருவாவதையும் மிகுதிப்படுத்துகிறது. இதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். இழுத்தவுடன் எதுவும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் வாயைக் கொப்பளித்து நீரைத் துப்பிவிட்டால், வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படுவதைத் தவிர்க்கலாம்.

பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஸ்டீராய்டு இன்றிச் சால்பியூட்டமால் போன்ற விரைவு மருந்தை மட்டும் தரலாகாது என்று 2019-இல் அறிவித்தது. விரைந்தும் நீண்டும் செயல்படும் ஃபார்மோடெரால், ஸ்டீராய்டுடன் சேர்ந்த ஒரே இன்ஹேலரும் உள்ளது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

பராமரிப்பவர்கள் கணக்கு வைக்க வேண்டியது

ஓர் இன்ஹேலரில் பொதுவாக 200 பஃப் இருக்கும். ஆண்டுக்கு மூன்று நீல இன்ஹேலர்கள் தீர்ந்தால், சராசரியாக நாளொன்றுக்கு இரண்டு பஃப்புக்கும் குறைவுதான். ஆயினும் அந்த அளவிலேயே கடும் மூச்சிரைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு, அதாவது மாதம் ஒன்று என்றால், இறப்புக்கான ஆபத்தும் மிகுகிறது. வாங்கிய தேதியை இன்ஹேலரின் மேல் எழுதி வையுங்கள். தனியாக ஏடு எதுவும் தேவையில்லை.

மற்றொன்று. பீட்டா ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் இருப்பதுபோல, அதை அடைக்கும் மருந்துகளும் உண்டு. படபடப்பு, ஒற்றைத் தலைவலி முதலியவற்றுக்குத் தரப்படும் புரோப்ரனலால், கண் நீர் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்து ஆகியவை ஆஸ்துமாவைத் திடீரெனத் தூண்டக்கூடும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லத் தோன்றாமல் போவது இயல்பே, கட்டாயம் சொல்லுங்கள். இதய நோய்க்காக இவ்வகை மருந்தை ஏற்கெனவே எடுத்து வந்தால், தாமாக நிறுத்தாமல் மருத்துவரை அணுகவும்.

உடனடி உதவி எப்போது தேவை?

மேற்கூறியவற்றைப் படித்துவிட்டு, மூச்சுத் திணறும் நேரத்தில் நீல இன்ஹேலரைத் தவிர்க்கக் கூடாது. திடீர் திணறலில் உயிர் காப்பது விரைவு மருந்தே. ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், மயக்கம் அல்லது குழப்பம், இன்ஹேலருக்குப் பின்னும் திணறல் தணியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து அமரச் செய்து, மருத்துவர் எழுதித் தந்துள்ள அளவின்படி ஸ்பேசர் வழியாக மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள். பயன்படுத்திய இன்ஹேலர்கள் அனைத்தையும் மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லுங்கள்.