தைராய்டும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட பதிவு இது. இயர் எண்டிங், ஆடிட் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் ஒரு பழைய போட்டோ. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தங்கமணி கதை. வயது 44. இரண்டு வருடத்தில் 9 கிலோ ஏறிவிட்டது. தினமும் காலையில் லால்பாக்கில் நடை, ராத்திரி இரண்டே சப்பாத்தி, ஸ்வீட் கடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் எடை மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. கோவில்பட்டியிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தபோது எல்லார் முன்னாலும், "வாயைக் கட்டினா தானா குறையும்" என்று சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

முடி கொட்டியது. பெங்களூரு ஏப்ரல் வெயிலிலும் ஸ்வெட்டர் தேடினாள். மத்தியானமே கண் சொக்கியது. வயசாகிறது, மெனோபாஸ் நெருங்குகிறது என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டோம். மூன்று மாதம் கழித்து வேறு எதற்கோ போன இடத்தில் ஒரு லேடி டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.எச். 19 என்று வந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது.

டி.எஸ்.எச். என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் ஹெட் ஆபீஸ். கழுத்தில் இருக்கும் தைராய்டு ஒரு பிராஞ்ச். பிராஞ்ச் ஒழுங்காக வேலை பார்த்தால் ஹெட் ஆபீஸ் அளவாக சர்க்குலர் அனுப்பும். பிராஞ்ச் தூங்க ஆரம்பித்தால் சர்க்குலர் மேல் சர்க்குலர் பறக்கும். அந்த சர்க்குலர்தான் டி.எஸ்.எச். எண் கூடினால் பிராஞ்ச் தூங்குகிறது என்று அர்த்தம். (எங்கள் ரீஜினல் ஆபீஸ் அனுப்பும் மெயில்களை எண்ணினால் எங்கள் பிராஞ்ச் கோமாவில் இருப்பதாகத்தான் சொல்ல வேண்டும் :-))

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. பேலன்ஸ் ஷீட் தவிர எதையும் முழுசாகப் படிக்காத ஆளை மூன்று மாதம் உட்கார வைத்தது இந்த வரலாறு.

1873ல் லண்டனில் சர் வில்லியம் கல் என்ற டாக்டர் ஒரு கட்டுரை வாசித்தார். விக்டோரியா மகாராணிக்கே வைத்தியம் பார்த்தவர். நடுவயதுப் பெண்கள் ஐந்து பேரைப் பற்றிய கட்டுரை. முகம் உப்பி, நாக்கு தடித்து, பேச்சு இழுத்து, எப்போதும் குளிர்ந்துபோய், எல்லாவற்றிலும் மந்தமாக மாறிப்போனவர்கள். இது சோம்பல் இல்லை, ஒரு நோய் என்று முதலில் தெளிவாகப் பதிவு செய்தவர்களில் அவர் ஒருவர். இன்னொரு வேடிக்கை, அதே காலகட்டத்தில்தான் சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போகும் இளம்பெண்களின் நோய்க்கு 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்று பெயர் வைத்தவரும் அவரே. உப்புவது, மெலிவது இரண்டுமே அதே டாக்டர் கணக்கில்.

1878ல் வில்லியம் ஆர்ட் என்பவர் இதற்கு மிக்ஸிடீமா என்று பெயர் கொடுத்தார். 1883ல் சுவிட்சர்லாந்தின் அறுவை நிபுணர் தியோடர் கோஹர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். கழலைக்காக தைராய்டை முழுவதுமாக எடுத்த அவருடைய நோயாளிகள் பலரும் பின்னாளில் அதே மாதிரி மந்தமாகிப் போயிருந்தார்கள். தன் ஆபரேஷனால் வந்த கேட்டைத் தானே எழுதினார் மனிதர். 1909ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே லண்டனில் ஒரு கமிட்டி போட்டு நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, 1888ல் குற்றவாளி தைராய்டுதான் என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

1891 தான் எனக்குப் பிடித்த வருடம். நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர், செம்மறி ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து ஒரு பெண்மணிக்கு ஊசி போட்டார். அவருக்கு வயது 46. சில மாதங்களில் முகத்தின் வீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, வேலைகளைத் தானே செய்ய ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருடமே ஊசி தேவையில்லை, வாய் வழியாகக் கொடுத்தாலும் போதும் என்று வேறு இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். மரேயின் நோயாளி 28 வருடம் அந்த மருந்திலேயே இருந்து, 1919ல் தமது 74ஆம் வயதில்தான் காலமானார். அவருக்காக 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானதாக மரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இந்த மாதிரி லெட்ஜர் எழுதும் டாக்டர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நிற்க. போட்டோ விஷயத்துக்கு வருகிறேன்.

1993ல் கோவில்பட்டி ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பா, அம்மா, அக்கா, நான். அம்மாவுக்கு அப்போது 45. கண்ணுக்குக் கீழே உப்பிய முகம், புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்து போயிருக்கின்றன. கல்லின் கட்டுரையைப் பற்றிப் படித்த ராத்திரி அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது, எழுந்து போய் ஆல்பத்தைத் தேடினேன். அம்மாவின் குரல் அந்த வருடங்களில் கரகரப்பாகிவிட்டது. மே மாதத்தில் போர்வை போர்த்திக்கொள்வாள். பேசுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி விழும். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு வரும் அப்பா, "உங்க அம்மா உட்கார்ந்தா மலை, படுத்தா மூட்டை" என்பார். நாங்களும் சிரிப்போம். யாரும் ஒரு பரிசோதனைக்குக் கூட்டிப் போகவில்லை. 2004ல் இதயக் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். தைராய்டுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் எனக்குப் போகவில்லை, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். சுரப்பியின் சரக்கைத் தனியாகப் பிரித்தவர் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் எட்வர்ட் கெண்டல், 1914 கிறிஸ்துமஸ் நாளில். 1927ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே தயாரித்தார்கள். அந்த தைராக்சின்தான் இன்று தங்கமணி காலையில் போடும் சின்ன வெள்ளை மாத்திரை.

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் பண்டிதர்கள் எல்லாரும் சொன்னது, "உப்புல அயோடின் இல்லை, அதான்." பாதி உண்மை. இமயமலை அடிவாரத்தில் அது முழு உண்மை. 1956ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருடங்களில் அயோடின் கிடைத்த இடங்களில் கழலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 1962ல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. நம் தூத்துக்குடி சொந்தக்காரர்கள், "நாங்க கடல் பக்கம், எங்களுக்கெல்லாம் தைராய்டு வராது" என்பார்கள். 2013ல் பெங்களூரு, சென்னை உட்பட 8 நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு. கடலோர நகரங்களில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான், 9 சதவீதத்துக்கு மேல் அங்கேயும் இருந்தது.

இன்று அயோடின் உப்பு சாப்பிடும் நகரத்துப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் ஹஷிமோட்டோ நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தின்றுவிடும். 1912ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதினார். நான்கு பேருமே 40ஐத் தாண்டியவர்கள். மேற்படிப்புக்கு ஜெர்மனி போனார், முதல் உலகப்போர் வந்ததால் திரும்பி வந்து சொந்த ஊரான இகாவில் கிராமத்து டாக்டர் ஆகிவிட்டார். 1934ல் டைபாய்டு வந்து இறந்தார். தன் பெயரில் ஒரு நோய் உலகம் முழுக்கப் பேசப்படும் என்று அவருக்குத் தெரியாது. அந்த எதிர்ப்பு சக்தி விஷயமே 1956ல் லண்டனில்தான் நிரூபணம் ஆனது. ஊர் திரும்பிய டாக்டர் கதை என்னை ஏன் பிடித்துக்கொண்டது என்று வெளியூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ரீகன்சிலியேஷன். ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டு டி.எஸ்.எச். சரியாகிவிட்டது. ஸ்வெட்டர் பீரோவுக்குப் போனது, மத்தியானத் தூக்கம் போனது. எடை? 3 கிலோ குறைந்தது. பாக்கி 6 கிலோ அப்படியே நிற்கிறது. தங்கமணிக்கு ஏமாற்றம். எனக்கு, நாள் முடிவில் கேஷ் டேலி ஆகாத எரிச்சல்.

டாக்டரிடம் கேட்டோம். தைராய்டு குறைபாட்டால் மட்டும் ஏறுவது பொதுவாக 2 முதல் 4, 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும் என்றார். அப்படியானால் மீதி? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில்தான் போட வேண்டும்!

இந்த சஸ்பென்ஸ் தொகையை மாத்திரையைக் கூட்டியே நேர் செய்துவிடலாம் என்று நினைத்த காலமும் உண்டு. 1890களிலேயே தைராய்டு சாறை ஒல்லியாக்கும் மருந்தாக விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மார்மோலா என்று ஒரு மாத்திரை, உள்ளே தைராய்டுச் சுரப்பி. அரசாங்க கமிஷன் தடுத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், போட்டி நிறுவனங்களுக்கு நஷ்டம் நிரூபிக்கப்படவில்லை என்று 1931ல் கமிஷன் தோற்றது. வாங்கிச் சாப்பிட்டவர்களின் நஷ்டம் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. 1938ல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அளவு கூடினால் இதயம் படபடத்துத் தாளம் தவறும், எலும்பு தேயும். எடையைக் குறைக்க இதைச் சாப்பிடாதே என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் லேபிளிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கிறார்கள்.

மீதிக்கு மெனோபாஸ்தான் காரணம் என்பதும் முழு விடை இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு இடுப்பு, தொடையிலிருந்து வயிற்றுப் பக்கம் இடம் மாறுகிறது. டிரான்ஸ்பர் ஆர்டர் மாதிரி, ஆள் எண்ணிக்கை அதேதான், சீட்தான் வேறு. 2021ல் 'சயின்ஸ்' இதழில் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த ஆய்வு வந்தது. உடம்பின் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே நிலை, நடுவயதில் திடீர்ச் சரிவு எதுவும் இல்லை. ஆனால் வருடா வருடம் தசை கரைகிறது. ராத்திரி வியர்த்து விழித்துக்கொள்வதில் தூக்கம் போகிறது. பெண்ணின் பிளஸ் டூ, மாமியாரின் முட்டிவலி என்று வீட்டின் எல்லா பில்லும் அந்த வயதில்தான் வருகிறது. அந்த 6 கிலோவில் இதெல்லாம் எவ்வளவு எவ்வளவு என்று பிரித்து எழுத எந்த ஆடிட்டராலும் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் தங்கமணியிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கு ஊர்க்காரங்க முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். நியாயம்தானே. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அதே உறவுக்காரர்கள் முன்னால் சொன்னேன். பாதிப் பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்க்கவில்லை.

இந்த நோய் குடும்ப வழியில் வரும். அக்காவுக்கு 51 ஆகிறது, கோவில்பட்டியிலேயே இருக்கிறாள். போன வாரம் போன் செய்து, ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்றேன்.

"எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

குரல் கரகரப்பாக இருந்தது. சளியா என்று கேட்டேன். இல்லை, ஒரு வருஷமாவே இப்படித்தான் என்றாள். அந்தப் போட்டோவைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

வெள்ளிக்கிழமை லேபுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் ரிப்போர்ட் வரும்.

டிஸ்கி: அடியேன் வெறும் பி.காம். மருந்து விஷயமெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை போட்டு அரைமணி நேரமாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உள்ளே சேராது. எங்கள் வீட்டில் இப்போது அந்த அரைமணி நேரம் எனக்கும் சேர்த்துத்தான் :-(