இராய்ப்பூர்ப் பிரபு மரபு

இராவ்பகதூர், திவான்பகதூர் முதலிய பட்டங்கள் பெற்றாரோடு ஒழிவன. தந்தைக்குப்பின் மைந்தன் எய்தும் பிரித்தானியப் பிரபுப் பட்டமோ அவற்றின் வேறு. இந்தியருள் அதனைப் பெற்ற குடி ஒன்றே. அது வங்கநாட்டுப் பீர்பூம் ஜில்லாவின் இராய்ப்பூர்ச் சின்ஹா குடியாம்.

சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா 1863-இல் பிறந்தவர்; பாரிஸ்டர். 1909-இல் வைசிராயின் நிர்வாக சபையில் முதல் இந்திய அங்கத்தினரானார். 1915-இல் பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். ஒருவரே இவ்விரண்டிலும் அமர்ந்தமை இக்காலத்து இளைஞர்க்கு வியப்பாகலாம். 1919-இல் பிரபுவானார்.

நிற்க. 1928-இல் அவர் காலமானார். மைந்தர் அருண்குமாருக்குப் பிரபுக்கள் சபையின் கதவு உடனே திறந்திலது. என்னை? பெற்றோர் விவாகம் 1880-இல் இந்துமுறைப்படி நடந்தது. அக்காலத்து இந்து சட்டம் ஒருவன் மனைவியர் பலரைக் கொள்ள இடந்தந்தது. அத்தகைய விவாகத்திற் பிறந்தவன் ஆங்கிலப் பட்டத்திற்கு உரியனாவனோ என்பதே வினா. சின்ஹா கொண்டது ஒரு மனைவியையே. எனினும் சட்டம் நடந்ததை விட்டு, நடக்கக்கூடியதை நோக்கிற்று. நம் கூட்டேரிப்பட்டில் சுற்றத்தார் முன் கட்டிய தாலியைக் கடல்கடந்த சபையொன்று ஐயுறுமாயின் நாம் பொறுப்போமோ?

குடும்பத்தைக் காத்தது ஓராண்டு முற்பாடே. பெற்றோர் 1886-இல் பிரம்ம சமாஜத்திற் சேர்ந்தனர். அச்சமாஜம் ஒருவனுக்கு ஒருத்தி என்பதையே ஏற்பது. அருண்குமார் பிறந்தது 1887-இல். இவ்வடைவைக் கொண்டே, 1939-இல் சபையின் உரிமைக்குழு அவரை இரண்டாம் பிரபுவாக ஒப்பிற்று. தந்தை இறந்து பதினோராண்டு கழிந்திருந்தது. அவர் 1967-இல் மறைந்தபின் மைந்தர் சுதீந்திர பிரசன்னர் மூன்றாம் பிரபுவானார். பரம்பரைப் பிரபுக்களிற் பெரும்பாலார் சபையில் அமரும் உரிமையை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று.