190 ஆண்டுக் காவல்: ஃபுகுஷிமா மண்ணின் மறுபயன்பாட்டில் விடுபட்ட கணக்கு

ஒரு கன மீட்டர் மண் பிடிக்கும் கறுப்புப் பை. 2011 மார்ச் அணு உலை விபத்துக்குப் பிறகு ஃபுகுஷிமா மாகாணத்தின் வயலோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பல ஆண்டுகள் அடுக்கிக் கிடந்தவை இந்தப் பைகள்தாம். கதிரியக்கச் சீசியம் படிந்த மேல்மண்ணை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி இவற்றில் கட்டினார்கள். வயலில் மேல்மண் என்பது தலைமுறைகள் எருவிட்டுப் பண்படுத்திய மண். அதுவே 'அகற்றப்பட்ட மண்' என்ற பெயரில் கழிவாகிப் போனது.

2015 முதல் இந்த மண், விபத்து நடந்த உலையைச் சுற்றி ஒகுமா, ஃபுதாபா ஆகிய ஊர்களில் 1,600 ஹெக்டேரில் அமைந்த இடைக்காலச் சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அளவு சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். 2045 மார்ச்சுக்குள் இதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் நிரந்தரமாக அப்புறப்படுத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இவ்வளவையும் ஏற்றுக்கொள்ள வேறெந்த ஊரும் முன்வராது. எனவே கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்கு மிகாத மண்ணை, மொத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை, சாலைக் கரைகளிலும் விளைநிலங்களின் அடித்தளத்திலும் நிரப்பி, மேலே நல்ல மண்ணால் மூடுவது என்று அரசு முடிவெடுத்தது. பன்னாட்டு அணுசக்தி முகமை 2024 செப்டம்பரில் இந்த அணுகுமுறை தன் பாதுகாப்பு நெறிகளுக்கு இணங்கியதே என்று அறிக்கை தந்தது. 2025 ஜூலையில் பிரதமர் அலுவலக வளாகத்திலேயே கொஞ்சம் மண்ணை இட்டுக் காட்டினார்கள்.

இந்த மறுபயன்பாடு இயற்பியல்படி பாதுகாப்பானதுதான் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பாதுகாப்பு எதன்மேல் நிற்கிறது என்பதை அரசின் கணக்கு வெளிப்படையாகச் சொல்லவில்லை. என் வாதம் அதைப் பற்றியது.

முதலில் இயற்பியல். மண்ணில் விழுந்த சீசியம் நீரில் கரைந்து ஓடிவிடுவதில்லை. மைக்கா வகைக் களிமண் தாதுக்கள் ஏடு ஏடாக அடுக்கியவை. காலப்போக்கில் சிதைந்து ஓரம் பிரிந்திருப்பவை. பொட்டாசியம் இருந்த அந்த இடுக்கில் சீசியம் அயனி நுழைந்ததும் ஏடுகள் மறுபடி நெருங்கி அதைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. பயிரின் வேர் அதை எளிதில் எடுக்க முடியாததற்குக் காரணம் இதுவே. இயிதாத்தே கிராமத்தின் நாகதோரோ பகுதியில் இத்தகைய மண்ணின் மேல் 50 சென்டிமீட்டர் நல்ல மண் பரப்பிச் சாகுபடி செய்து பார்த்தபோது, விளைச்சலில் இருந்த சீசியம் உணவுக்கான வரம்பைவிட வெகு கீழே இருந்தது. மூடுமண் காமாக் கதிரின் பெரும்பகுதியையும் தடுத்துவிடுகிறது.

சீசியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்வது நல்லது. ஆனால் களிமண் போகும் இடமெல்லாம் சீசியமும் போகும். 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் அடித்தபோது தமுரா நகரின் தற்காலிகக் கிடங்கிலிருந்து பைகளையே ஆற்று வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. கரையில் நிரப்பிய மண்ணுக்கும் எதிரி அரிப்புதான்.

அடுத்தது எண்கள். உலையைப் பிரிக்கும்போது கிடைக்கும் இரும்பையும் கான்கிரீட்டையும் கிலோவுக்கு 100 பெக்கரலுக்குள் இருந்தால்தான் கட்டுப்பாடின்றி வெளியே விடலாம். மண்ணுக்கு மட்டும் 8,000 எப்படி என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. (உணவுக்கான வரம்பும் அதே 100 என்பதால் வாக்குவாதத்தில் இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன.) சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பதில் தர்க்கப்படி சரியானது. 100 என்பது கைகழுவி விடுவதற்கான வரம்பு; அந்தப் பொருள் எங்கே போனாலும், யார் கையில் இருந்தாலும் ஒருவர் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 10 மைக்ரோசீவெர்ட் அளவுக்கு மேல் போகாது. 8,000 என்பது பொறுப்பான ஓர் அமைப்பின் கண்காணிப்பில் வைத்திருப்பதற்கான வரம்பு. அருகில் வசிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் ஆண்டுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டாது.

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: கண்காணிப்பு எத்தனை காலம்? சீசியம்-134இன் அரை ஆயுள் இரண்டே ஆண்டு. அது ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் சீசியம்-137க்கு அரை ஆயுள் 30 ஆண்டு. 8,000 என்பது 100 ஆகக் குறைய எண்பதில் ஒரு பங்காக வேண்டும். அதற்கு ஆறேகால் அரை ஆயுளுக்குச் சற்றுக் கூடுதல், ஏறத்தாழ 190 ஆண்டு பிடிக்கும். 5,000 பெக்கரல் மண்ணுக்கே 170 ஆண்டு ஆகும், கரையின் ஆயுளோ 70 ஆண்டு என்ற மதிப்பீடு அமைச்சகத்தின் கூட்டமொன்றில் பேசப்பட்டதாக மைனிச்சி நாளேடு 2016இலேயே எழுதியது. மெய்ஜி ஆட்சி தொடங்கிய 1868இலிருந்து இன்றுவரை 160 ஆண்டுகள்கூட ஆகவில்லை. நவீன ஜப்பானிய அரசின் வயதைவிட நீண்ட காவலைத்தான் '8,000' என்ற எண் தனக்குள் வைத்திருக்கிறது.

காவல் தவறினால் என்ன ஆகும்? மிகைப்படுத்த வேண்டியதில்லை. மூடுமண்ணை வாரிவிட்டு அதன் மேலேயே ஒருவர் வீடு கட்டிக் குடியிருந்தால் 1 மில்லிசீவெர்ட் எல்லை மீறப்படலாம். உடனடியாக உயிருக்கு ஆபத்து நேராது. பிரேசிலின் கோயானியாவில் 1987இல் நடந்தது வேறு அளவிலான கேடு. இடம் மாறிய மருத்துவமனை ஒன்று விட்டுச்சென்ற சீசியம்-137 கதிர்மூலத்தைப் பழைய இரும்பென்று உடைத்ததில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கே செறிவு பல்லாயிரம் கோடி மடங்கு அதிகம். இருந்தாலும் அந்தக் கட்டடம் காலியாகி இரண்டே ஆண்டுகளில், உள்ளே இருப்பது இன்னது என்ற அறிவு அந்த இடத்திலிருந்து அற்றுப்போனது. மறதியின் வேகத்துக்கு அதைவிடத் தெளிவான அளவீடு எனக்குத் தெரியவில்லை.

நிஹோன்மட்சுவில் கிராமச் சாலைக்கு இந்த மண்ணை இடும் சோதனையை மக்கள் எதிர்த்ததால் 2018இல் கைவிட்டார்கள். டோக்கியோவின் ஷிஞ்ஜுகு கியோயென் பூங்காவில் இந்த மண்ணை இடும் திட்டத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. அறியாமை என்றும் வீண் அச்சம் என்றும் இவற்றை ஒதுக்குவது தவறு. கதிர்வீச்சு அளவை மக்கள் நம்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொறுப்பேற்கும் அலுவலகம் நாளை இருக்குமா என்ற அவர்களின் ஐயம் நியாயமானது. மூடுமண்ணின் தடிமனைச் சொல்லும் விளக்கக் கூட்டத்தில் இந்த ஐயத்துக்கு விடை கிடைக்காது. மண் இட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் அதன் பத்திரப் பதிவிலேயே, செறிவும் ஆழமும் ஆண்டும் குறித்து ஏறவேண்டும். நிலம் கைமாறினாலும் அமைச்சகம் பெயர் மாறினாலும் அந்தக் குறிப்பு அழியாதபடி சட்டம் வேண்டும். கரை இடிந்தால் மண்ணை மீட்பதற்கான நிதியைச் செறிவு குறையும் காலம் முழுமைக்கும் இன்றே ஒதுக்க வேண்டும். இவை இருந்தால் டோக்கியோவும் தன் பங்கை ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். அந்த உலை கொடுத்த மின்சாரம் போனது தலைநகர் வட்டாரத்துக்குத்தான்.

ஒகுமாவில் சேமிப்பக எல்லைக்குள் ஒரு தொடக்கப் பள்ளி நிற்கிறது. பிள்ளைகள் 2011இல் விட்டுச்சென்ற புத்தகப் பைகள் வகுப்பறையில் கிடந்தன. சுற்றியுள்ள நிலத்தின் உரிமையாளர்களில் சிலர் விற்க மறுத்து, பயன்படுத்தும் உரிமையை மட்டும் அரசுக்குக் கொடுத்தார்கள். திரும்பி வரவேண்டிய நிலம் என்பதால். அவர்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் நிலம் இன்னது, திருப்பித் தரும் காலம் இன்னது என்று எழுதியிருக்கிறது. அந்த நிலத்திலிருந்து வெளியேறும் மண்ணுக்கும் அதே போல ஒரு தாள் கூடவே போகவேண்டும்.