கம்பியில் ஓடும் கணக்கு

விஞ்ஞான விதி என்பது பாடப்புத்தகத்தில் பிறந்து பரீட்சை மண்டபத்தில் மடிந்துவிடும் ஒன்று என்ற எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. குறை அவர்களுடையது மட்டுமன்று. மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு என்று ஒப்புவிக்கக் கற்பித்த நாம், அவ்விதியைக் கண்டவர் யார், அது எவர் வீட்டில் எவ்வாறு தொழிற்படுகிறது என்று சொல்லத் தவறினோம்.

கண்டவர் நம்மைப் போன்ற ஒரு பாடசாலை ஆசிரியரே. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கியோர்க் சைமன் ஓம். தந்தை தாமாகவே கணிதம் கற்று, அதனை மகனுக்கும் புகட்டினார். 1817இல் கொலோன் நகரப் பாடசாலையில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்க அமர்ந்த ஓம், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தை ஓடவிட்டு அளக்கலானார். அக்காலத்து மின்கலங்கள் நிலையான ஓட்டத்தைத் தரவில்லை. எனவே இரு உலோகங்களின் ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அவ்வெப்ப வேறுபாட்டிலிருந்து மாறாத ஓட்டத்தைப் பெற்றார். கம்பி நீண்டால் ஓட்டம் குறைகிறது, தடித்தால் கூடுகிறது என்ற உண்மை எண்களில் தெளிந்தது.

1827இல் அவரது நூல் வெளிவந்தது. பல்கலைக்கழகக் கதவு திறக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அது திறக்கவில்லை, 1828இல் இருந்த வேலையையும் துறந்தார். 1841இல் லண்டன் ரோயல் சங்கம் கொப்லி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவியது. அதே 1841இல், மதுவடிப்பாலை உரிமையாளர் ஒருவரின் மகனான ஆங்கிலேயர் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்று நிறுவினார். ஓட்டம் இரட்டித்தால் வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு.

இவ்விரு விதிகளின் பேருருவைப் புத்தளம் மாவட்டக் கரையிலே காணலாம். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதற் பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மற்ற இரண்டும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆற்றலுள்ள, நாட்டின் மிகப் பெரிய மின் நிலையமாயிற்று. அங்கிருந்து மின்சாரம் 2,20,000 வோல்ற்று அழுத்தத்தில் கோபுரங்களின் வழியே புறப்படுகிறது. ஏன் இத்தனை அழுத்தம்? ஓர் இலட்சம் வாற்று வலுவை, மொத்தம் ஒரே ஓம் தடையுள்ள கம்பியில் 230 வோல்ற்றில் அனுப்ப முனைவோமாயின், 435 அம்பியர் ஓட வேண்டும். அதற்குக் கம்பி மட்டுமே 435 வோல்ற்றைக் கேட்கும். நம்மிடம் உள்ளதோ 230. ஆகவே அது நடவாத காரியம். 2,20,000 வோல்ற்றிலோ அரை அம்பியருக்கும் குறைந்த ஓட்டம் போதும். வீணாவது ஏறத்தாழ 0.2 வாற்று. உண்மையான மின்தொடரில் வேறு காரணிகளும் சேரும். எனினும் அடிப்படை இதுவே.

இனி, கோபுரத்தின் கீழே பார்ப்போம். கற்பிட்டிக் குடாநாட்டு மணலில் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் சிறு விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வீட்டிலுள்ள மின்மானியிலிருந்து தோட்டத்துப் பம்பிவரை அவர் கம்பி இழுக்க வேண்டும். கைப்பணம் போதாமையால் மெல்லிய கம்பியை வாங்குகிறார். போகவர அதன் தடை 3 ஓம். பம்பி இழுப்பது 10 அம்பியர் என்று கொள்வோம். வழியிலேயே 30 வோல்ற்று இழக்கப்பட்டு, பம்பிக்குக் கிடைப்பது 200 வோல்ற்று. கம்பியில் வெப்பமாக அழிவது 300 வாற்று. நாளொன்றுக்கு 5 மணி நேரம் இறைத்தால் மாதத்துக்கு 45 அலகு, காற்றைச் சூடாக்கியே கழிகிறது! மானிக்கு அப்பால் நிகழும் இந்த இழப்புக்கும் அவரே பணம் கட்டுகிறார். இரு மடங்கு குறுக்குப் பரப்புள்ள கம்பியானால் இழப்பு பாதியாகும். ஆனால் அதை வாங்கப் பணமுள்ளவருக்கே அந்தச் சிக்கனம் கிட்டும். இல்லாதவர் இல்லாமைக்காக மாதந்தோறும் வரி கட்டுகிறார்.

உப்புக் காற்றுக்கு இதில் பங்குண்டு. துருவேறிய ஒரு பொருத்தில் அரை ஓம் தடை உண்டானால், அதே 10 அம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 50 வாற்று வெப்பம் பிறக்கும். காப்புறை உருகித் தீப்பற்ற அது போதும். கணக்கு இங்கே உயிரைக் காப்பதாகிறது.

விதி இயற்கையுடையது; அது எவருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. கம்பி எத்தனை தடிப்பு, மின்மாற்றி எவர் வீட்டருகே, தொடரின் கடைசி வீடு எவருடையது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்போர் மனிதர். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே நம் நாட்டு நீர்வீழ்ச்சிகளின் வலுவைக் கணக்கிட்டு எடுத்துரைத்தார். லக்சபான மின் நிலையம் இயங்கியதோ 1950இல். அந்த 32 ஆண்டுத் தாமதம் இயற்கையின் தடையன்று. நுரைச்சோலைத் திட்டத்தை மீனவரும் விவசாயிகளும் எதிர்த்ததும், பின்னர் நிலக்கரித் தூசும் சாம்பலும் குறித்து அயற்கிராமத்தவர் முறையிட்டதும் நாடறிந்தவை. ஒளி நாடெங்கும் செல்கிறது. சாம்பல் கரையிலே தங்குகிறது. இதையும் சேர்த்தே நாம் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை இப்பாடம் வரும்போது பிள்ளைகளைத் தத்தம் வீட்டு மின்மானியின் முன்னே நிற்கச் செய்வோம். கம்பியின் நீளத்தை அளக்கட்டும், பட்டியலின் அலகுகளை எண்ணட்டும், இழப்பைக் கணிக்கட்டும். பூட்டுத் தொழிலாளியின் மகன் உலகுக்குத் தந்த திறவுகோல் அது. அதை உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் சேர்ப்பது நம் கடமை.