குருதியில் ஒரு கலத்தைத் தேடி

எமது கல்லூரியின் உயிரியல் ஆய்வுகூடத்தில் ஒரு விதி இருந்தது. நுணுக்குக்காட்டியில் கண்டதை மட்டுமே வரைய வேண்டும். பாடநூலில் உள்ள படத்தைப் பார்த்து வரையக்கூடாது. வெங்காயத் தோலை வரைந்து பழகிய அந்த விதியின் பெறுமதி, வைத்தியத்துறைக்கு வந்த பின்னரே எனக்கு விளங்கியது. புற்றுநோய்க் கலங்களைக் குருதியில் தேடிய வரலாறு அதற்கு நல்லதோர் உதாரணம்.

1869 ஆம் ஆண்டு, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் தோமஸ் அஷ்வேர்த் என்ற வைத்தியர், உடலெங்கும் பல கட்டிகளுடன் இறந்த ஒருவரின் குருதியை ஆராய்ந்தார். கட்டிகளில் இருந்த கலங்களை ஒத்த கலங்களைக் கால் நாளத்துக் குருதியிலும் கண்டார். அவை கட்டியிலிருந்தே வந்தவையாயின், நோயற்ற காலை அடையச் சுற்றோட்டத்தின் பெரும்பகுதியைக் கடந்திருக்க வேண்டும் என அவர் எழுதினார். புற்றுநோய் பரவும் வழியை அன்றே அவர் ஊகித்துவிட்டார்.

ஆனால் தேடுவது இலகுவல்ல. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 500 கோடி செங்குழியங்களும் பல இலட்சம் வெண்குழியங்களும் உள்ளன. அவற்றிடையே புற்றுநோய்க் கலம் ஒன்றிரண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

1950களில் பல ஆய்வுகூடங்கள் இக்கலங்களை ஏராளமாகக் கண்டதாக அறிவித்தன. அடுத்த பத்தாண்டில் கண்ணாடித் தகடுகளை மீளப் பரிசோதித்தபோது, அவற்றுட் பல என்பு மச்சையிலிருந்து வந்த பெருங்கலங்கள் போன்ற சாதாரண குருதிக் கலங்களே எனத் தெரியவந்தது. தேடியவர்கள் எதிர்பார்த்ததையே கண்டிருந்தனர்.

வழி திறந்தது 1975 இல். கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் முறையைக் கண்டனர். 1984 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். பின்னர் இத்தகைய பிறபொருளெதிரிகளை நுண்ணிய இரும்புத் துணிக்கைகளில் ஒட்டி, மேலணிக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைப் பற்றச் செய்து, காந்தத்தால் அக்கலங்களைப் பிரித்தெடுத்தனர். வெண்குழியங்களைத் தவறாக எண்ணாதிருக்க, அவற்றைத் தனியாக இனங்காட்டும் சாயமும் சேர்க்கப்பட்டது. பழைய தவறிலிருந்து கற்ற பாடம் அது.

2004 இல் அமெரிக்கா இம்முறைக்கு அனுமதி அளித்தது. பரவிய மார்பகப் புற்றுநோயில், 7.5 மில்லிலீற்றர் குருதியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கலங்கள் காணப்பட்டோரின் ஆயுள் குறுகியிருந்தது. அப்படியானால் அவர்களுக்கு மருந்தை விரைவில் மாற்றினால் ஆயுள் நீளுமா? 2014 இல் வெளியான ஆய்வு, நீளவில்லை என்றது.

“ஒரு இரத்தப் பரிசோதனையில் கான்சர் இருக்கா எண்டு சொல்லலாமா, டொக்டர்?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்தப் பரிசோதனை அதற்கானதல்ல. நோய் உள்ளவரின் நிலையை ஓரளவு காட்டும். சுகமாயிருப்பவருக்கு நோய் இல்லை என உறுதி தராது. கேட்பவர் முகம் வாடும். ஆயினும், கண்டதற்கு மேல் ஒரு கோடும் வரையக்கூடாது என்றல்லவா இங்கு படித்தோம்.