‘ஆசியா’ என்னும் சொல்லும் தாம்பரம் மாநாடும்

ஒரு சொல் ஒரு காலத்து நம்பிக்கையாகவும், பிறிதொரு காலத்து விலங்காகவும் வழங்குதல் உண்டு. ‘ஆசியா’ என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழர் வாழ்வில் எய்திய பொருள் மாற்றத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சிக்குத் தாம்பரத்தில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தை நடுவாகக் கொள்கின்றோம்.

1905ஆம் ஆண்டில் ஜப்பான் ரஷ்யாவை வென்றது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடொன்று வெல்லுதல் கூடும் என்பது அடிமைப்பட்டிருந்த நம் நாட்டார்க்குப் பெருஞ்செய்தியாயிற்று. பாரதியாரின் இதழ் எழுத்துகளிலும் ஜப்பான் மதிப்புடன் பேசப்பெற்றது. ஆயினும் அந்நாடு 1895இலேயே பார்மோசாவைப் பெற்றிருந்தது. 1910இல் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பின்னர்க் கொரியர் தம் மொழியைப் பள்ளியில் இழந்தனர். 1940 முதல் தம் பெயரையும் ஜப்பானிய முறையில் மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பெற்றனர். வென்றாரின் புகழ் இங்கு எட்டிய அளவிற்குத் தோற்றாரின் குரல் எட்டவில்லை.

அக்குரல் நம் ஊர்க்கு அருகிலேயே கேட்கும் வாய்ப்பு 1938இல் நேர்ந்தது. அனைத்துலகக் கிறித்தவத் தொண்டு மன்றத்தின் மாநாடு முதலில் சீனத்து ஹாங்சோ நகரில் கூடுவதாக இருந்தது. 1937 ஜூலையில் ஜப்பான் சீனத்தின்மீது போர் தொடுக்கவே, மாநாடு சென்னைக்கு மாற்றப்பெற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல்தான் நகரினின்றும் நீங்கித் தாம்பரத்தில் புதிதாகக் குடியேறியிருந்தது. அக்கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பர் 12ஆம் நாள் தொடங்கிய மாநாட்டில் ஏறத்தாழ எழுபது நாட்டினின்றும் 470 பேர் வரை கூடினர்.

இக்காலக் குறிப்பு கருதத்தக்கது. மாநாடு தொடங்குதற்கு ஆறு வாரத்திற்குள்தான், நவம்பர் 3ஆம் நாள், ஜப்பானியத் தலைமை அமைச்சர் கொனோயே ‘கிழக்காசியப் புதிய ஒழுங்கு’ என்னும் கொள்கையை அறிவித்தார். மாநாட்டின் இரண்டாம் நாளோடு நான்கிங் நகரம் வீழ்ந்து ஓராண்டு நிறைந்தது. அந்நகரில் ஏதிலியர்க்குப் புகலிடமாயிருந்த ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவர் வூ யீபாங் அம்மையார் சீனப் பேராளருள் ஒருவராய்த் தாம்பரத்திற்கு வந்திருந்தார். ஜப்பானியப் பேராளருள் ஒருவராய் வந்தவர் டொயோஹிகோ ககாவா. புதிய ஒழுங்கு விழுங்க முனைந்த நாட்டாரும் அதனை அறிவித்த நாட்டாரும் ஒரே மன்றத்தில் அமர்ந்திருந்தனர் என்பது இதனாற் போதரும்.

மாநாடு முடிந்தபின் ககாவா 1939 ஜனவரியில் பர்தோலி சென்று காந்தியடிகளைக் கண்டார். போரைப்பற்றித் தம் நாட்டார் கருத்தினின்றும் தாம் வேறுபடுவதாகக் கூறி, தம் நிலையில் அடிகளாயின் என்செய்வார் என வினவினார். அக்கருத்தை வெளிப்படையாக அறிவித்துச் சாவையும் ஏற்பதே தக்கது என்பது அடிகள் விடையின் சாரம். 1940இல் ககாவா தம் நாட்டில் சிறைப்பட்டார். எனவே ஜப்பானியப் பேரரசும் ஜப்பானிய மக்களும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

அடுத்த நான்காண்டுக்குள் அப்பேரரசு தமிழரை நேரே தொட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு ‘ஷோனான்’ எனப் பெயரிட்டனர். கடிகாரத்தை டோக்கியோ நேரத்திற்கு மாற்றினர். பள்ளிகளில் ஜப்பானிய மொழியைப் புகுத்தினர். ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் பெருந்திரளாய் ஊரைவிட்டு நீங்கினர். இவ்வச்சத்தினும் கொடியது மலேயாத் தோட்டத் தமிழர்க்கு நேர்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு அவர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பெற்றுக் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். ‘ஆசியா ஆசியர்க்கே’ என்ற முழக்கம் ஆசியத் தொழிலாளரைக் காக்கவில்லை.

எனினும் அதே தோட்டங்களினின்றும் இளைஞரும் மகளிரும் இந்தியத் தேசியப் படையிற் சேர்ந்தனர். சென்னையிற் பிறந்த மருத்துவர் இலட்சுமி 1943இல் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். இவர்களை ஜப்பானின் ஏவலர் என ஒதுக்குவது பிழை. தம் நாட்டு விடுதலையையே அவர்கள் வேண்டினர். அதற்கு அந்நாள் வாய்த்த துணை மற்றொரு பேரரசாக இருந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் படைக்கும் மற்றொருவர் பாதைக்கும் சென்றிருத்தல் கூடும் என்பதை நினைத்தால் இச்சிக்கலின் கடுமை புலனாகும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972), ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஆகிய புதினங்கள் இச்சிக்கலுக்கு நம் மொழியில் அமைந்த சான்றுகள். இவற்றைக் கதைநலம் ஒன்றே கருதிப் பயிலுதல் போதாது. 1905இன் வியப்பு, 1938இன் தாம்பர மன்றம், 1943இன் இருப்புப்பாதை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பயிலும்போதுதான் ‘ஆசியா’ என்னும் சொல்லை யார், யார்பொருட்டு, எவர் இழப்பில் வழங்கினர் என்னும் வினா எழும். தமிழ் ஆராய்ச்சி மாணவர் இவ்வினாவை மேற்கொண்டு, அக்காலத் தமிழ் இதழ்களிலும் தோட்டத் தொழிலாளர் வாய்மொழியிலும் விடை தேடுதல் வேண்டும் என்பது எம் கருத்து.