ஃபிளாஷ் போனது, பூனை பிழைத்தது

2020 டிசம்பர் 31. இந்தக் கொரோனா வருஷம் ஒழிந்தால் போதும் என்று எல்லோரும் காத்திருந்த அந்த ராத்திரியில் இன்னொன்றும் சேர்ந்து ஒழிந்தது. ஃபிளாஷ் பிளேயருக்குத் தருகிற ஆதரவை அடோபி நிறுவனம் அன்றோடு நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தப் பிளேயரே எந்த ஃபிளாஷ் படத்தையும் ஓட விடாமல் தடுத்துவிட்டது.

இதில் என்ன இருக்கிறது, ஒரு மென்பொருள் போனால் இன்னொன்று வரப்போகிறது என்று நினைக்கலாம். ஆனால் 2000களில் நம் பக்கத்துக் கணினிப் பயிற்சி மையங்களில் "மல்டிமீடியா" என்று பலகை தொங்கினால் அதற்கு அர்த்தம் போட்டோஷாப், கோரல்டிரா, ஃபிளாஷ். அதில் ஃபீஸ் கட்டி, ராத்திரி உட்கார்ந்து பந்தைக் குதிக்க வைத்து, மீனை நீந்த வைத்து, சின்னதாக ஒரு விளையாட்டும் செய்து சிடியில் பதிந்து வைத்த அண்ணன்கள், அக்காக்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அந்த சிடியை இன்று போட்டால் சாதாரணமாக ஒன்றும் ஓடாது.

அனிமேஷனும் சின்ன விளையாட்டுகளும் செய்யக் கற்றுக்கொள்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமானது. கருவி செத்தால் கற்றதும் சாகுமா? பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கும் முன்னால்.

எல்லாம் பிரான்சில் ஆரம்பித்தது

பாகூர், வில்லியனூர் என்று நம் ஊர்களைக் "கொம்யூன்" என்று இன்றும் சொல்கிறோம். அது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை. அந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்டுகொண்டிருந்த காலத்தில்தான், 1892 அக்டோபர் 28 அன்று, பாரிஸில் கிரெவன் அருங்காட்சியகத்தில் எமீல் ரெய்னோ என்பவர் கூட்டத்துக்கு முன்னால் படங்களை அசைத்துக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் பணம் வாங்கிக்கொண்டு சினிமா காட்டியதற்கு மூன்று வருஷம் முன்பே! கையால் வரைந்து வண்ணம் தீட்டிய சுமார் 500 படங்களை ஒரு நீள நாடாவில் வரிசையாகக் கோத்து, கையால் சுற்றிக் காட்டினார்.

சினிமா வந்ததும் ரெய்னோவின் கொட்டகைக்கு மவுசு குறைந்தது. மனம் வெறுத்துப் போனவர், தன் கருவியை உடைத்தார். தான் வரைந்த நாடாக்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். 1918-ல் இறந்தார். அன்று அவர் கூட்டத்துக்குக் காட்டிய படங்களில் இன்று மிச்சம் இருப்பவை இரண்டே இரண்டு. கருவி காலமானதும் படைப்பும் சேர்ந்து போன கதை ஃபிளாஷோடு ஆரம்பிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1908-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் எமீல் கோல், சுமார் 700 படங்கள் வரைந்து "ஃபான்டஸ்மகோரி" என்ற படத்தைச் செய்தார். ஓடும் நேரம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. வரைந்ததோ வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. படச்சுருளில் அதைத் தலைகீழாக்கி, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியது மாதிரி காட்டினார். ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை எடுத்தார். பாதி உழைப்பு மிச்சம், பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. அந்தத் தந்திரம் இன்றைக்கும் நடக்கிறது. வினாடிக்கு 24 கட்டம் ஓட வேண்டிய இடத்தில் 12 படம் வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு கட்டத்துக்கு வைப்பார்கள்.

நம் நாட்டில் தாதா சாகேப் பால்கே, "ராஜா ஹரிச்சந்திரா" (1913) எடுப்பதற்கு முன்னால், ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்து அது முளைத்து வளர்வதை நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது செடி கண்ணெதிரே வளர்ந்தது. படம் எடுக்கப் பணம் புரட்ட அதைத்தான் காட்டினார். கேமராவும் பொறுமையும் இருந்தால் போதும் என்று நிரூபித்த முதல் ஆள் நம் ஊர்க்காரர்களுக்கு அவர்தான்.

ஆமையும் பூனையும்

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக "லோகோ" என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. "முன்னால் 100 போ, வலது பக்கம் 90 திரும்பு" என்று நான்கு முறை சொன்னால் ஆமை ஒரு சதுரம் வரையும். கம்ப்யூட்டர் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதைவிட, பிள்ளை கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கட்சி.

இந்தியாவில் 1984-ல் "கிளாஸ்" என்ற திட்டம் வந்தது. பிபிசி மைக்ரோ என்ற கணினிகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து முதலில் சுமார் 250 பள்ளிகளில் வைத்தார்கள். நாடு முழுக்க அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்பது ரொம்ப நாள் வரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஏசி ரூம்தான் :-)

1996-ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று ஒரு மென்பொருள் வந்தது. மேக்ரோமீடியா அதை வாங்கி "ஃபிளாஷ்" என்று பெயர் வைத்தது. 2005-ல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. ஃபிளாஷ் ஏன் அத்தனை பேரைக் கவர்ந்தது? ஆரம்பப் படத்தையும் முடிவுப் படத்தையும் வைத்தால் நடுவில் உள்ளதை அதுவே நிரப்பும். அதற்கு "ட்வீன்" என்று பெயர். கோல் வரைந்த 700 படங்களின் வேலையில் பெரும்பகுதி மிச்சம். அதோடு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற மொழியும் உள்ளேயே இருந்தது. படம் வரைகிற இடத்திலேயே விளையாட்டும் செய்யலாம். அப்போதைய மெதுவான இணைய இணைப்புக்கு ஏற்ற மாதிரி கோப்பும் சின்னதாக இருக்கும்.

2010-ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃபிளாஷ் ஏன் கிடையாது என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மின்கலம் தீர்கிறது, பாதுகாப்பு இல்லை, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்பது அவர் வாதம். 2017-ல் அடோபியே முடிவுத் தேதியை அறிவித்தது.

இதற்கு இணையாக இன்னொரு கதை. 2007 மே மாதம் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு "ஸ்கிராட்ச்" என்ற மென்பொருளை வெளியிட்டது. பேப்பர்ட்டின் வழி வந்தவர் ரெஸ்னிக். ஆமை இருந்த இடத்தில் இப்போது ஓர் ஆரஞ்சுப் பூனை. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும்.

2013-ல் வந்த ஸ்கிராட்ச் 2, ஃபிளாஷின் மேல்தான் கட்டப்பட்டது. அதாவது ஃபிளாஷ் சாகும்போது பூனையும் சேர்ந்து செத்திருக்க வேண்டும். சாகவில்லை. 2019 ஜனவரி 2 அன்றே, ஃபிளாஷ் நிற்பதற்கு இரண்டு வருஷம் முன்னதாக, எச்டிஎம்எல் 5-ல் புதிதாக எழுதிய ஸ்கிராட்ச் 3 வந்துவிட்டது. பிள்ளைகள் அதுவரை செய்து வைத்த படங்களும் விளையாட்டுகளும் கூடவே வந்தன.

எப்படி? ஸ்கிராட்சில் நீங்கள் செய்வது "இந்தக் கட்டைக்குப் பிறகு இந்தக் கட்டை" என்கிற வரிசையாகத்தான் சேமிக்கப்படுகிறது. அந்த வரிசையைப் படிக்கத் தெரிந்த வேறு எந்த இயந்திரமும் அதை ஓட்டலாம். மூல நிரலையும் யாரும் திறந்து பார்க்கலாம். ஃபிளாஷில் வெளியிட்ட கோப்போ பிளேயர் இல்லாமல் வாய் திறக்காது. அதைத் திறக்க வைக்க "ரஃபிள்" போன்ற மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் எழுத வேண்டி வந்தது. அவர்கள் புண்ணியத்தில் பழைய படங்களும் விளையாட்டுகளும் நிறைய மறுபடி ஓடுகின்றன. ஆனால் இணையத்தில் ஏறாமல் சிடியோடு தேய்ந்துபோனதை யார் காப்பாற்றுவது?

நம் பாடப்புத்தகத்தில் பூனை

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு 2019-20-ல் கொண்டுவந்த புதிய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் "காட்சித் தொடர்பு". அதில்தான் ஸ்கிராட்ச் வருகிறது. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகளும் அந்தப் புத்தகத்தைத்தான் படித்தன. நானும் பூனையை முதலில் பார்த்தது அதில்தான். கடைசிப் பாடம் என்றால் உங்களுக்கே தெரியும். திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவே சிக்கும், ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கும். "ஸ்கிரிப்ட் எடிட்டர் என்றால் என்ன?" என்று எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. அதை ஒரு தடவை திறந்து பார்த்தவர்கள் கொஞ்சம்.

பிறகு புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24-லும் 2024-25-லுமாக சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. அந்தப் புத்தகம் போய்விட்டது. சிபிஎஸ்இ 2021-ல் கோடிங்கை ஒரு திறன் பாடமாகக் கொண்டுவந்தது. ஆனால் திறன் பாடம் என்பது பள்ளி எடுத்து நடத்தினால்தான் உண்டு.

பக்கத்திலேயே வேறு மாதிரியும் நடக்கிறது. ஆரோவில்லைச் சேர்ந்த உதவி பள்ளியிலும் இசை அம்பலம் பள்ளியிலும் "ஸ்டெம் லேண்ட்" என்ற முயற்சி உண்டு. சஞ்சீவ் ரங்கநாதன் என்ற பொறியாளரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் நடத்துவது. இடையஞ்சாவடி போன்ற சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகள் ஸ்கிராட்சிலும் ஜியோஜீப்ராவிலும் தாங்களே படங்கள், விளையாட்டுகள் செய்து அதன் வழியாகக் கணக்குக் கற்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று சொல்கிறவர்களுக்குப் பதில் இருசக்கர வண்டி போகிற தூரத்திலேயே இருக்கிறது.

ஆடு புலி ஆட்டம் சொல்லித் தந்தது

நான் செய்து பார்த்த விளையாட்டு ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. படம் வரைவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். கோடு போட்டு முடிக்க அரை மணி நேரம் போதும். உண்மையான வேலை வேறு. எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி பக்கம்? நமக்குப் பார்த்தாலே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் பக்கத்துப் புள்ளிகளை எழுதி 23 வரி பட்டியல் தர வேண்டும். புலி ஆட்டைத் தாண்ட வேண்டுமானால் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். அதற்கு இன்னொரு பட்டியல். எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பது ஊருக்கு ஊர் வித்தியாசப்படும். அதனால் அந்த எண்ணை ஒரு மாறியாக வைத்தால் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

இத்தனையும் கம்ப்யூட்டர் இல்லாமல், நோட்டில் செய்த வேலை. கணினி கையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பட்டியலை ஏற்றிச் சோதிப்பதுதான் பாக்கி. நாளைக்கு ஸ்கிராட்சே இல்லாமல் போனாலும் அந்த நோட்டை வைத்து வேறு எந்த மொழியிலும் அதே விளையாட்டை எழுதிவிடலாம்.

அனிமேஷனும் அப்படித்தான். வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சுட்ட பொம்மை வளையாது, நகர்த்த மட்டும்தான் முடியும். சுடாத களிமண்ணில் உள்ளே கம்பி வைத்துச் செய்தால் கையைத் தூக்கும், தலையைத் திருப்பும். கொஞ்சம் அசை, ஒரு போட்டோ. மறுபடி கொஞ்சம் அசை, மறுபடி ஒரு போட்டோ. வினாடிக்கு 12 என்றால் பத்து வினாடிக்கு 120 போட்டோ. ஆடாமல் முட்டுக் கொடுத்த ஒரு சாதாரண செல்போன் போதும். பால்கே பட்டாணிச் செடியை வைத்துச் செய்தது இதைத்தான்.

கடைசியாக ஒன்று

பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. நிருபதுங்க பல்லவன் காலத்தில் மூன்று கிராமங்களின் வருமானத்தை அதற்கு எழுதிவைத்தார்கள். செப்பேட்டில் எழுதியதால் ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நம்மால் படிக்க முடிகிறது. 2005-ல் செய்த ஃபிளாஷ் படம் இருபது வருஷம் தாங்கவில்லை.

எல்லோரும் செம்பில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. விளையாட்டின் விதிகளை நோட்டில் எழுதுங்கள். படங்களை எல்லா இயந்திரமும் திறக்கிற வடிவத்தில் தனியே சேமியுங்கள். செய்ததை இன்னொருவருக்குக் கொடுத்து வையுங்கள். ஒரு நிறுவனம் கதவைச் சாத்தினாலும் உங்கள் வேலை அதற்குள் மாட்டிக்கொள்ளாது.

இன்னொன்று. மூன்று கிராமத்து வருமானத்தைப் படிப்புக்குக் கொடுத்த ஊர் இது. அந்த ஊரில், பள்ளி விட்ட பிறகு கணினி அறையை ஒரு மணி நேரம் திறந்து வைக்கக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். போகும்போது நோட்டில் எழுதிய விளையாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.